மிச்சமிருந்த கவர்

"சீ! காசு வச்ச கவர் வாங்கிக்கிட்டு செய்தி போடறவனெல்லாம் ஒரு நிருபரா?" ஆட்டிறைச்சியைக் கடித்தபடி என் ஆய்வேட்டைப் புரட்டினார் பேராசிரியர் டகோகோ.

'நைஜீரிய நிருபர்களின் கவர் கலாசாரம்.' ஏழு வருட உழைப்பு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு முனைவர் பட்டம். வாய்மொழித் தேர்வன்று தேர்வாளர்களுக்கு விருந்து வைப்பது எங்கள் வழக்கம். ஜொலோஃப் சோறும் இறைச்சியும் நானே சமைத்திருந்தேன்.

"நாப்பது நிருபருங்க உன்கிட்ட உண்மையை ஒத்துக்கிட்டாங்களா? எப்படிம்மா பேச வச்சே?"

"ஆளுக்கொரு கவர் கொடுத்தேன் சார்."

எலும்பைத் துப்பினார். "அசிங்கம்! இதுக்குப் பேர் ஆய்வா? உனக்கு டாக்டர் பட்டம் ஒரு கேடா?" 'தேர்ச்சியில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அந்தக் கட்டுல ஒரு கவர் மிச்சம் இருந்தது சார்."

"அதுக்கு?"

"காலையில உங்க கார்கிட்ட வந்து கொடுத்தேனே, அதான். இப்ப உங்க கோட்டுப் பையில இருக்கு."

அவர் கை தானாக மார்பைத் தொட்டது. மற்ற இரண்டு தேர்வாளர்களும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"பிரமாதமான கள ஆய்வு! வாழ்த்துகள், டாக்டர் இபிசோ!" கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

குலுக்கினேன். கையெல்லாம் எண்ணெய். வீட்டுக்கு வந்து நான்கு முறை சோப்புப் போட்டும் பிசுபிசுப்பு போகவில்லை.