கண்ணாடிக்கு அப்பால் கோபால்ட்

வெற்றிடக் கலனுக்குள் கோபால்ட் துண்டு தாங்கியிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அரிசி மணி அளவுதான்; ஆனால் அதை வளர்த்தெடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒளி பட்டால் அதிலிருந்து சில எலக்ட்ரான்கள் தப்பி வெளியே வரும். இரும்பைப் போலக் கோபால்ட்டும் காந்தமாகும்; அதற்கு உள்ளே எலக்ட்ரான்கள் எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன என்று, தப்பி வருபவற்றிடம் கேட்க இருந்தேன். கலனைத் திறந்தால் காற்று பட்டுத் துண்டு வீணாகிவிடும். அதனால் வெளியே காந்தத்தை வைத்து, சுவரோடு சுவராக இழுத்து, கண்ணாடி ஜன்னல்வரை ஏற்றினேன். இனி, வெளியிலிருந்து இயக்கும் உள் இடுக்கி அதைப் பற்ற வேண்டும். இடுக்கி அசையவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே, காற்றை உறிஞ்சும் பம்பின் வாய் திறந்திருந்தது; துண்டு விழுந்தால் அதற்குள்தான் போகும். காந்தத்தை டேப்பால் ஒட்டிப் பார்த்தேன். பிடி இளகியதுமே துண்டு சரிந்தது. மறுபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.

இடுக்கியைச் சரிசெய்யத் தெரிந்த மயில்வாகனத்தைத் தேடிப்போயிருந்தான், என்னோடு ஆய்வு செய்யும் ஜெபராஜ்; ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக வந்தான்.

“அவர் திங்கக்கிழமைதான் வருவாராம்க்கா.”

அன்று வெள்ளி. என் தோள் மரத்துப்போயிருந்தது.

“போனாப் போகுதுக்கா, கையை எடுத்துருங்க.”

“எட்டு மாசம்டா.”

அவன் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினான். “நான் பிடிச்சுக்கிறேன். மெதுவா உருவிக்கோங்க.”

உருவத் தொடங்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் துண்டு நடுங்கி, ஒரு நூலளவு இறங்கியது.

“ஐயோ, அசையாதீங்க!”

“நீயும் எடுத்துராத.”

மேசையில் ஒரு ஃபோன் அடித்தது. அவனுடையதா என்னுடையதா என்று பார்க்க இருவருமே திரும்பவில்லை.