காதுக்குக் கீழே

புதன்கிழமை காலை பத்தேகால்.

செவ்வாய் விடுமுறை முடிந்து முடிதிருத்தகத்தை அப்போதுதான் கூட்டியிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

கடைக்காரர் பால்சாமி துணியை உதறி அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். கறுப்புத் துணி. செதில் விழுந்தால் தெரியும்.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

முடி மட்டும் விழுந்தது.

"யாருண்ணே உங்களுக்கு இதுக்கு முன்னாடி வெட்டுனது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"நானேதான்."

பால்சாமி சிரித்தார். பதினோரு வருடமாக என்று அவன் சொல்லவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் வேறொரு கடையில், சொரியாசிஸ் படர்ந்த தலையைப் பார்த்ததும் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி. ஒரு கத்தரிக்கோல். பின்பக்கம் தடவித் தடவி.

களிம்புக்குக் கேட்கவில்லை. மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஊசிக்குக் கேட்டது. நான்காவது ஊசியில் தலை சுத்தமாயிற்று.

பால்சாமி அவன் தலையைச் சாய்த்தார். நெற்றியில் உள்ளங்கை. பிடரியில் கட்டைவிரல்.

சூடாக இருந்தது, அந்தக் கை.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

விரல் காதுக்குக் கீழே வந்து நின்றது.

மறுபடி தொட்டது.

"என்னண்ணே இது, கட்டியா? கோலிக்குண்டு தண்டி இருக்கு."

மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அபூர்வமாகச் சிலருக்கு, உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோயை இந்த ஊசி எழுப்பிவிடும். சாயங்காலக் காய்ச்சல், இருமல், கழுத்தில் கட்டி. எது வந்தாலும் உடனே வர வேண்டும். ஊசியை நிறுத்திவிடுவோம்.

மூன்று வாரமாகக் காய்ச்சல். கட்டியும் அப்போதிருந்துதான்.

நாளை மறுநாள் அடுத்த ஊசி. சொன்னால் போட மாட்டார்கள். போடாவிட்டால் செதில்கள் திரும்பிவிடும்.

சொல்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் ஒருமுறை இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்திருந்தான்.

"வலிக்குதாண்ணே?"

இல்லை என்று தலையசைத்தான்.

பால்சாமி கத்தரியைக் கீழே வைத்தார். மற்றக் கையை எடுக்கவில்லை. மாம்பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

பிறகு கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசா இருக்கு. வீட்டுல யாருமே பாக்கலையாண்ணே?"