தள்ளு கூலி

"சோக்கை இழுத்தியா பாய்?"

கேட்டவன் பெயர் சின்னப்பையன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். லாரிகளோடு பழகியதால் கார்களைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"எனக்குத் தெரியாதா நைனா?" என்றார் அப்துல் வஹாப். காரின் முன்மூடியைத் தூக்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி இருமிவிட்டு அடங்கிப்போனது.

"எங்க லாரி டிரைவரு அந்த சோக்குக் குமிழ இழுக்காம வண்டியத் தொட மாட்டாரு. குளுந்த எஞ்ஜினுக்கு அத இழுத்தாத்தான் பெட்ரோல் கெட்டியா போவும்."

"அப்படியா சொன்னாரு?"

"மார்கழியில கேட்டா பனின்னே. ஒத்துக்கினோம். பங்குனியில இன்னா பாய் குளுரு?"

"ராத்திரி பூரா கடக்காத்துல நிக்கிற வண்டிப்பா. வயசானதுக்கு எல்லா மாசமும் மார்கழிதான்."

"இத வித்துட்டு ஒரு கழுத வாங்கு. அதையும் நாங்கதான் தள்ளணும், ஆனா பெட்ரோல் வாணாம்."

வேம்பு புத்தகங்களைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பி.ஏ. கடைசிப் பரீட்சை அன்று. மணி அடித்த பிறகு போனால் ஹாலுக்குள் விட மாட்டார்கள்.

"பேசிகினே நில்லு. நான் போறதுக்குள்ள கதவ சாத்திட்டா, உன் கழுதையா வந்து பரீட்சை எழுதும்?" என்று சின்னப்பையனைப் பார்த்துச் சீறினாள்.

எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிற பஸ், டோல்கேட்டைத் தொடும்போதே படியில் ஆள் தொங்கும். ஒரு பெண்பிள்ளை கை காட்டினால் கண்டக்டர் வானத்தைப் பார்ப்பான். கார்த்திகை மழையில் ஒருநாள் அவள் அப்படி நனைந்துகொண்டு நின்றபோதுதான் வஹாப் காரை நிறுத்தினார். பின்சீட்டில் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா இருந்தாள். மண்ணடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயாரைப் பார்க்க தினமும் போகிறவள்.

"ஏறும்மா. காலேஜ் வாசல்லயே விட்டுட்றேன்."

வேம்பு ஏறவில்லை. "நான் ஓசியில ஏற மாட்டேன் மாமு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பாதி வகுப்பு முடிந்த பிறகு ஈரச் சேலையோடு போய் நின்றாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடித்து வந்த அம்மா கெங்கம்மா, "கைக்கு வந்ததத் தட்டிட்டு வந்துகீறியே, இன்னா திமிருடி" என்று திட்டினாள். திமிர்தான். அந்தத் தெருவிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டே தலையில் மிதிக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

மார்கழி பிறந்ததும் வஹாபின் வண்டிக்குச் சீக்கு வந்தது. தெருவே கூடித் தள்ளியது. வேம்பும் தள்ளினாள். வண்டி உயிர் பிடித்ததும் வஹாப் கதவைத் திறந்து, "தள்ளினதுக்கு இவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துட்றேன். உனக்கு இன்னா கூலி? ஏறு" என்றார். அது நியாயம். வேம்பு ஏறினாள். அன்றிலிருந்து தினமும் தள்ளுவாள், ஏறுவாள். யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

"தள்ளுங்கப்பா" என்று பரீட்சை நாளிலும் வஹாப் உள்ளே உட்கார்ந்தபடி குரல் கொடுத்தார்.

எல்லாரும் பின்னாலிருந்து முட்டித் தள்ளினார்கள். முன்னால் வஹாபின் தலை குனிந்து நிமிர்ந்தது. வண்டி குலுங்கி, புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. வேம்பு ஓடிப்போய் ஏறினாள். ஷரீஃபுன்னிசா நகர்ந்து இடம் விட்டு, எப்போதும்போல் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பரீட்சை ஹாலின் கதவு திறந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேம்பு ஒரு முழம் சாமந்தியோடு வந்தாள். வஹாபும் ஷரீஃபுன்னிசாவும் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் வேறு ஆள் இல்லை.

"பூ யாருக்கும்மா?"

"உங்களுக்கில்ல மாமு, வண்டிக்கு." முன்மூடியின் கைப்பிடியில் பூவைச் சுற்றிக் கட்டினாள். "இது தெனம் படுத்துகினதாலதான் நான் பரீட்சை எழுதினேன். எத்தினியோ பேரு வாயில போட்டு மென்னாங்க. இந்தப் பழைய தகரந்தான் என்ன மனுஷியா மதிச்சி, வேல வாங்கிகினு, கூலி குடுத்துது."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அதில் கோபம் இல்லை.

"இன்னிக்கு நான் எங்கயும் போவல மாமு. கூலி வாணாம். சும்மாவே தள்றேன்."

பின்னால் போய், காலை ஊன்றி, காரின் முதுகில் இரண்டு கையையும் வைத்தாள்.

"அதான் அந்தப் புள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சிபோச்சே" என்று ஷரீஃபுன்னிசா கணவரிடம் சொல்வது திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது. "இப்பவாச்சும் அந்த சோக்கை இழுங்க."

வேம்பு மூச்சைப் பிடித்துத் தள்ளுவதற்குள், ஒரே அழுத்தில், வண்டி பூனைபோல் முனகிக்கொண்டு தானாகவே கிளம்பியது.