பத்தாம் எண் கூண்டு

துறைமுகக் கிடங்கில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றாம் எண் கூண்டை வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை கம்பத்தில் ஏற்றுவார்கள். பத்தாம் எண் கூண்டு ஒருமுறைகூட ஏறியதில்லை.

"எங்கேயோ காத்தழுத்தத் தாழ்வுன்னாக்கூட நீ ஏறிடுற. உன்னை எவன் மதிப்பான்? நான் ஏறினா துறைமுகமே நடுங்கும்" என்றது பத்து.

ஐப்பசியில் ஒன்றாம் எண் கூண்டு ஏறியது. கடலுக்குப் போன படகுகளெல்லாம் கரை திரும்பின. எண் கூடிக்கொண்டே போய், மூன்றாம் நாள் பத்தை ஏற்றினார்கள். அது உச்சியிலிருந்து கம்பீரமாகக் கீழே பார்த்தது. ஏற்றிய ஊழியர் ஓடிக்கொண்டிருந்தார். வேறு ஆளே இல்லை.

புயல் கடந்த பிறகு, நசுங்கிப்போய்க் கிடங்குக்கு வந்த பத்து புலம்பியது: "என்னைப் பாக்க ஒருத்தர்கூட நிக்கல."

"யாராவது நின்னிருந்தா அது என் தப்பு" என்றது ஒன்று.