புகையக்கா

"புகை எங்கேய்யா?" மேலாளர் விளக்குக்காரரின் காதைக் கடித்தார்.

"வரும் சார். அக்கா கொஞ்சம் இழுத்துதான் ஆரம்பிப்பாங்க."

அறிவியல் கூடத்தில் அவளுக்குப் பெயரே புகையக்கா. செவ்வாய் கிரகத்தின் துருவங்களில் உறைந்து கிடப்பது என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது அவள் வேலை. உறைந்த கரியமில வாயுவான உலர் பனிக்கட்டியை வெந்நீரில் போடுவாள். வெள்ளைப் புகை மேசையை விட்டு வழிந்து முன்வரிசை வரைக்கும் ஓடும். அதன்மேல் சிவப்பு விளக்கு விழும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஒப்பந்த வேலைதான். அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்றைய காட்சியைப் பார்த்து மேலாளர் முடிவு செய்ய வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

தெரிந்தும், வெந்நீர்ப் பாத்திரத்தை அவள் தொடவே இல்லை.

கையுறை மாட்டிக்கொண்டு, உலர் பனிக்கட்டியின் மேல் ஒரு கரண்டியை அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு அலறல். அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது.

"பேயா அக்கா?"

"பேயில்லடா, செவ்வாய் கிரகம். குளிர்ல பல்லைக் கடிக்குது."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"அங்க துருவத்துல ரெண்டு விதமான பனி இருக்கு. ஒண்ணு, தண்ணி உறைஞ்சது. அதுக்கு மேல இன்னொரு போர்வை. நாம மூச்சா வெளிய விடுறோமே கரியமில வாயு, அது உறைஞ்சது. எது எதுன்னு நான் சொல்லவா, நீங்களே கண்டுபிடிக்கிறீங்களா?"

"நாங்களே!"

மேடையை விட்டு இறங்கியே விட்டாள். ஆளுக்கு இரண்டு துண்டுத் துணி கொடுத்தாள். இரண்டும் பனிக்கட்டியைச் சுற்றி வைத்திருந்தவை. ஒன்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இன்னொன்று ஜில்லென்று இருந்தது, ஆனால் ஈரத்தின் சுவடே இல்லை.

"காஞ்ச துணியில இருந்தது எங்க போச்சு? இதைக் கையில பிடிச்சுக்கங்க, தெரியும்."

உலர் பனித் துணுக்கு போட்ட பாட்டில். பாட்டிலின் வாயில் மாட்டிய ஒரு பலூன். பிடித்த கைக்குள்ளேயே பலூன் உப்பிக்கொண்டு வந்தது. வரிசை வரிசையாக நகர்ந்தாள். மூன்றாம் வரிசையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"மேடையில நிக்கச் சொன்னா, பஸ் கண்டக்டர் மாதிரி உள்ள சுத்துறாங்களேய்யா!"

"என் சிவப்பு விளக்குக்கு இன்னைக்கு லீவுதான் போல, சார்."

காட்சி முடிந்தது. வாசல் தூணருகே அவளை நிறுத்தினார் மேலாளர்.

"ஏம்மா, இத்தனை நாள் விட்டுட்டு இன்னைக்குப் பாத்தா இப்படிப் பண்ணுவீங்க? அந்தப் புகையை நம்பித்தானே மேலிடத்துல அவ்வளவு சொல்லி வெச்சேன்?"

"இன்னைக்கு இப்படிச் செய்யணும்னு தோணிச்சு சார்."

"தோணிச்சா! வேலை போயிடும்னு தோணலையா?"

"அதுவும் தோணிச்சு சார்."

மேலாளருக்குச் சுருக்கென்றது. "சரி, அப்போ நாளையிலிருந்து நீங்க..."

"அக்கா!"

மூன்றாம் வரிசைச் சிறுமி. தோழியின் தோளைப் பிடித்தபடி வந்தவள், கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். முகம் நேராகத் தூணைப் பார்த்திருந்தது. புகையக்கா நின்றதோ தூணுக்கு இந்தப் பக்கம்.

"எங்க போனாலும் பக்கத்துல யாராவது எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க அக்கா," என்றாள் தூணிடம். "இன்னைக்கு யாரும் எதுவும் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன். ஈரத்துணியில இருந்தது தண்ணி, காஞ்ச துணியில இருந்தது காத்து. சரியா?"

செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நகர்ந்துபோய், தூணுக்கு முன்னால் நின்றுகொண்டாள் புகையக்கா.

"ரொம்பச் சரிடா தங்கம்."

மேலாளர் சிறுமியையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"நாளையிலிருந்து நீங்க நிரந்தரம்மா. அந்தக் கரண்டியும்தான்."