புதுச் சக்கரம்

படகு ஏற்றிய ட்ரெய்லரைத் தன் வண்டியில் மாட்டிவிட்டு, வாங்கியவர் ஏறி உட்கார்ந்தும் விட்டார். படகை விற்றவள் விடுவதாக இல்லை. ட்ரெய்லரின் சக்கர நட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாக முறுக்கினாள்.

“போதும்க்கா, கல்லு மாதிரி இருக்கு.”

“இப்ப அப்படித்தான் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, இன்னொரு தடவை முறுக்குங்க. பின்னாடி கார்ல யாரு?”

“என் சம்சாரமும் பொண்ணும். படகைப் பாத்துக்கிட்டே வரணுமாம்.”

“அவங்க முன்னாடி போகட்டும்.”

படகைக் கொடுக்க மனசில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். வாசலில் நின்ற அவள் கணவனைப் பார்த்து, “நிறைய தடவை கடலுக்குப் போயிருக்கீங்களாண்ணே?” என்றார்.

கணவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

“இது இன்னும் தண்ணியையே பாக்கல” என்றாள் அவள்.

“அப்புறம் எப்படி ஒரு சக்கரம் மட்டும் புதுசா இருக்கு?”

அவள் ஸ்பேனரைத் துடைத்தாள்.

“வாங்கின அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்தான் இழுத்துட்டு வந்தார். வழியில பழைய சக்கரம் கழண்டு, பின்னாடி வந்த எங்க கார் கண்ணாடியில விழுந்துச்சு. எங்க பொண்ணும் படகைப் பாத்துக்கிட்டே வரணும்னுதான் என்கூட முன் சீட்டுல உட்கார்ந்தா. கார்லேருந்து நான் மட்டும்தான் இறங்கினேன்.”

ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, பின்னால் நின்ற காருக்கு நடந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“நீ முன்னாடி போம்மா.”