கோமளாக்காவின் நிழல்

எங்கள் மருந்துச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக யாருக்கும் போலி மாத்திரை கொடுப்பது கிடையாது. வருகிற பெண்கள் எல்லோருக்கும் புது மருந்து உண்டு. மருந்தில்லாமல் கிடப்பது, அவர்களை அப்படியே நகலெடுத்துக் கணினிக்குள் வைத்திருக்கும் நிழல்கள்தான். அதே உடம்பு, அதே சினைப்பைப் புற்று, அதே வாய். வாராவாரம் பெண்ணிடமும் அவள் நிழலிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது நர்ஸான என் வேலை.

கோமளாக்கா பஸ் கண்டக்டர். எதைக் கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க சாப்பிட்டீங்களா?" என்பார். தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் பெரிய டாக்டர் என்னைத் திட்டுவார் என்று அவருக்குப் பயம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்குக் கோபமாக வரும். நிழலுக்கும் சேர்த்து அவர் கொண்டுவரும் அதிரசத்தை அந்தக் கோபத்தோடேயே தின்று தீர்ப்பேன்.

கிளம்பும்போது, "அவ எப்படி இருக்கா?" என்று நிழலைப் பற்றி மறக்காமல் விசாரிப்பார்.

பதினான்காவது வாரம் என்னால் மழுப்ப முடியவில்லை. "நேத்து போயிட்டாங்கக்கா."

"கடைசியா என்ன சொன்னா?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். வலி இருக்கிறதா என்ற கேள்விக்குக் கீழே அவளுடைய பதில் இருந்தது: "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க சாப்பிட்டீங்களா?"

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைத்தியக்காரி. வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எழுதிக்குங்க சிஸ்டர். மூணு வாரமா இடுப்புல வலி."